வீட்டுக்கு அடியில் காற்று ஓடவேண்டும்

என்னை எங்கள் ஆட்கள் "மண் பாக்கிற அக்கா" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். மொன்றியலில் எங்கள் பெண்கள் வங்கியில் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், கணினிக்கு முன்னால் இருக்கிறார்கள். நான் உறைந்த மண்ணை, மரம் அரிகிற வாளால் அரிந்து தராசில் வைக்கிறேன். கலியாண வீட்டில் யாராவது எனக்கு என்ன வேலை என்று கேட்டால், அண்ணை குறுக்கே விழுந்து "அவள் லாப்பில" என்று முடித்துவிடுவார். இரத்தம் சோதிக்கிற லாப் என்று கேட்டவர் நினைக்கட்டும் என்பது அவர் விருப்பம். நான் விடமாட்டேன். "மண் லாப். வடக்கில இருந்து வாற மண்" என்று நாலு மேசைக்குக் கேட்கச் சொல்லுவேன்.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. இங்கிருந்து தெரு போகாத, விமானம் மட்டும் போகிற, கோடையில் கப்பல் வருகிற ஊர்கள் வடக்கே இருக்கின்றன. அங்கே கோடையில் நிலத்தின் மேற்பக்கம் கொஞ்சம் இளகும். அதற்குக் கீழே எந்தக் கோடைக்கும் இளகாது. அந்த இளகாத மண்ணைக் குழாய் போலத் துளைத்தெடுத்து, பெட்டியில் குளிரோடு அடைத்து, டோர்வல் விமான நிலையத்தில் இறக்கி எங்களிடம் அனுப்புவார்கள். கையில் எடுத்தால் கல். தட்டினால் மணிச் சத்தம் கேட்கும். அதையே ஒரு தட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் தட்டில் கூழ். உள்ளே இருக்கிற ஐஸ்தான் அதைக் கல்லாகப் பிடித்து வைத்திருந்தது. ஆடி மாத வெயிலிலும் நான் லாப்பின் குளிர் அறைக்குள் பனிக்கால ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்பது அதற்காகத்தான்.

அப்படிப்பட்ட நிலத்தில் எங்கள் இஷ்டத்துக்கு எதையும் செய்ய முடியாது. பேஸ்மென்ற் என்று நிலத்தடி அறை தோண்ட முடியாது. தண்ணீர்க் குழாயை மண்ணுக்குள் தாழ்க்க முடியாது. தண்ணீர் லொறியில் வரும், கழிவு லொறியில் போகும். நிலத்தின் மேலிருக்கிற பாசியைச் சுரண்டி எடுத்தால் போர்வையை உருவினது போல, அடுத்த கோடையில் அந்த இடம் குளமாகிவிடும். வீட்டைக் கால்களில் உயர்த்தித்தான் கட்டுவார்கள். வீட்டுக்கு அடியில் வெறும் இடைவெளி. பனிக்காலக் காற்று அதற்குள்ளால் ஓடி, வீட்டின் சூடு நிலத்துக்குப் போகாமல் அள்ளிக்கொண்டு போகும். அதனால் நிலம் உறைந்தே இருக்கும். வீடும் நேராக நிற்கும். நான் வேலை விஷயமாகப் போன ஒரு ஊரில் அந்த இடைவெளியால் குனிந்து பார்த்தேன். அடுத்த வீடு தெரிந்தது, அதற்கடுத்த வீடு தெரிந்தது, கடைசியில் கடலும் தெரிந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் ஏறாது. வீடு என்றால் எங்களுக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற் வேண்டும். அங்கே மீன் பொரிக்க இரண்டாவது குசினி வேண்டும். அரிசி மூட்டை அடுக்க இடம் வேண்டும். அரிசி அடுக்குவது எங்களுக்கு வெறும் பழக்கமில்லை. போரில் அரசாங்கம் சாமான் வரவிடாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு, சாமான் அடுக்குகிற தட்டு ஒன்று வெறுமையாக இருந்தால் இன்னொரு மூட்டை வாங்கச் சொல்லும். இப்போதும் என் செயின்ட்-மிஷேல் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே மைசூர்ப் பருப்பு இருக்கிறது. நானே இப்படியென்றால் என் தம்பியை என்ன சொல்ல?

தம்பி டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தவன். பிறகு வடக்கே ஒரு சின்ன ஊரில் கடையொன்றை நடத்த ஆள் தேவை, வீடும் தருவோம் என்றார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் ஊரிலிருந்து அவனைக் கட்டி வந்த பெண். அதிகம் கதைக்கமாட்டாள், சிரித்தபடி நிற்பாள். கடைச் சொந்தக்காரர்கள் அந்த வீட்டை ஊர் வீடமைப்பு அலுவலகத்திடம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பழைய வீடு. புதிய வீடுகளுக்குக் கீழே தடிப்பாகச் சரளை போடுவார்கள். இதற்கு அதுவும் இல்லை, கால்கள் நேரே களிமண்ணுக்குள் இறங்கியிருந்தன. அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம் இருப்பதும், வீடு கிடைக்கக் காத்திருந்தே பிள்ளைகள் வளர்ந்துவிடுவதும் சாதாரணம். கப்பல் வருகிற காலத்தில்தான் பலகையும் ஆணியும் வரும். ஒரு வீடு கெட்டுப்போனால் இன்னொன்றைச் சும்மா எழுப்பிவிட முடியாது.

பள்ளிக்கூடம் தொடங்கின கிழமை, சனிக்கிழமையன்று, பாலத்துக்கு அப்பால் புரோசார்ட்டில் அண்ணையின் மகளுக்குப் பிறந்தநாள். அண்ணையின் வீடு பெரியது, ரீவி அதைவிடப் பெரியது. கேக் வெட்டி முடிய, தம்பி வீடியோவில் வந்தான். அண்ணை அவனை ரீவியில் போட்டுவிட்டார். எல்லாரும் கொத்துரொட்டித் தட்டோடு சோபாவில் இருந்து பார்த்தோம்.

"வாங்கோ, என்ர பேஸ்மென்ற்றைக் காட்டுறன்" என்றான் தம்பி.

நான் தட்டைக் கீழே வைத்தேன். அந்த ஊரில் என்ன பேஸ்மென்ற்?

காமிராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வீட்டின் நாலு பக்கமும், தரையிலிருந்து வீட்டின் அடிவரை, பிளைவுட் பலகை அடித்திருந்தது. உள்ளே குளிர் தடுக்கிற மஞ்சள் பஞ்சு வைத்து இறுக்கியிருந்தான். ஒரு சின்னக் கதவும் வைத்திருந்தான். குனிந்து உள்ளே போனால் மரத்தட்டுகளின் மேல் அரிசி மூட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால் ரின். மூலையில் ஒரு ஹீற்றர்.

"போன பனிக்காலம் முழுக்க ஹீற்றர் போட்டனான். ஒரு கிழங்கு உறையேல்லை! மேல வீட்டுத் தரையும் நல்ல சூடு. இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு இந்த இடத்தைப் பாவிக்கத் தெரியேல்லை, சும்மா காத்துக்கு விட்டிருக்கினம்."

"கெட்டிக்காரனடா நீ!" என்றார் அண்ணை. யாரோ கைதட்டினார்கள். அண்ணையின் நண்பர் ஒருவர், "எங்கட ஆக்களை எங்க விட்டாலும் பிழைச்சிடுவாங்கள்" என்று சொல்லி, தட்டிலிருந்து இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

நான் எழும்பி ரீவிக்கு முன்னால் போய் நின்றேன். "டேய், விசரா! உனக்கு ஆர் உதைச் செய்யச் சொன்னது?"

தம்பி சிரித்தான். "ஏனக்கா, என்ன?"

"வீட்டுக் கதவு ஒழுங்காச் சாத்துப்படுதோ?"

"முன்கதவு கொஞ்சம் இறுகுது. ரெண்டு தரம் சீவி விட்டனான். மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

"கோதாரி விழுவானே, மரம் ஊதேல்லை. வீடு சரியுது!"

அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "இஞ்ச பார், நாலு சனத்துக்கு முன்னால அவனை ஏன் ஏசுறாய்? அவன் தனியப் போய்க் கஷ்டப்படுறான். உனக்கு எதிலயும் குறைதான். கண்டறியாத மண்ணைப் பாத்துப் பாத்து உனக்கும் மண்டை உறைஞ்சு போச்சு."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. சரி, சிரிக்கிறீர்களா? பாருங்கள் என்று நினைத்தேன்.

"தம்பி, உன்னட்ட ஒரு நீட்டுக் கம்பி இருக்கோ? மெல்லிசா?"

கடைக்குப் பின்னால் கிடந்த கம்பி ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட அவனுடைய நெஞ்சளவு. வீட்டுக்கு வெளியே, வெயில் படுகிற இடத்தில் அதை மண்ணுக்குள் குத்தி இறக்கச் சொன்னேன். காமிராவை மனைவி பிடித்துக்கொண்டாள். அவன் இரண்டு கையாலும் அமத்தினான். கம்பி இறங்கி, "டக்" என்று நின்றது. அதற்கு மேல் போகவில்லை. அவன் தன் பலத்தையெல்லாம் போட்டுப் பார்த்தான். கம்பியை இழுத்துக் காலோடு வைத்துக் காட்டச் சொன்னேன். ஈரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"அதுதான் உறைஞ்ச மண். கோடை முழுக்க வெயில் குடிச்சும் அவ்வளவுதான் இளகியிருக்கு. வீட்டுக்குக் கீழ வெயிலே படுறேல்லை. அங்க இன்னும் மேலயே கம்பி நிக்கவேணும். போ, போய்க் குத்து."

அவன் சின்னக் கதவால் உள்ளே போனான். ஒரு மரத்தட்டை நகர்த்தினான். வெங்காயச் சாக்கொன்று சரிந்து விழுந்தது. கம்பியை வைத்து அமத்தினான். அது போனது. முழங்கால், தொடை, இடுப்பு என்று போனது. அவன் குனிந்து குனிந்து, கடைசியில் அவனுடைய கைமுட்டி ஈர மண்ணில் பட்டது.

"அக்கா," என்றான், "கம்பி முழுக்க உள்ள போட்டுது."

சிரித்தவர்கள் எழும்பி ரீவிக்குக் கிட்ட வந்தார்கள். அண்ணையின் மகள், பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அத்தையைக் கூப்பிட்டு, "தாந்த், அதுக்குக் கீழ என்ன?" என்று கேட்டாள். "சேறு பிள்ளை," என்றேன். "இவங்கட வீடு இப்ப சேத்துக்கு மேல நிக்குது."

எனக்கு வெற்றி பெற்ற மகிழ்ச்சி வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. அவனுடைய முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவன் என் தோளில் தூங்கி வளர்ந்த பிள்ளை. அழுதால் அண்ணை கதையை மாற்றிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்பவே ஹீற்றரை நிப்பாட்டு. சாமானை வெளிய எடு. பலகை முழுக்கக் கழட்டு. இந்தப் பனிக்காலம் காத்து ஓடினால் மண் திரும்ப உறையத் தொடங்கும்."

அப்போதுதான் தம்பியின் மனைவி காமிராவுக்குப் பின்னாலிருந்து கதைத்தாள். "அக்கா, கழட்டினால் தரை விறைக்கும். வந்த முதல் வருசம் தை மாசம் எனக்குக் கால் விரல் ஊதி நடக்கேலாமப் போச்சு. நீங்கள் மொன்றியலில இருந்து சொல்லுறியள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. அந்தக் குளிரில் நான் போய் நின்றிருக்கிறேன். ஆனால் போனவள், திரும்பி வந்தவள். "ஓம் பிள்ளை, விறைக்கும்," என்றேன். "சூட்டை வீட்டுக்குள்ள மறியுங்கோ. தரைப் பலகைக்கு அடியில பஞ்சை ஒட்டி அடியுங்கோ. அதுக்குக் கீழ காத்துப் போகட்டும். நிலத்தைச் சூடாக்காதேங்கோ."

தம்பி வெளியே வந்து மூச்சு விட்டான். "சரி அக்கா. கழட்டுறன். சரிஞ்ச காலுக்குக் கீழ ஒரு ஜாக் வைச்சுக் கட்டை குடுத்து நிமித்துறன். ஒருத்தருக்கும் தெரியாது. வாற வருசம் நாங்கள் எப்பிடியும் மாறிப் போறம்."

"ஒருத்தருக்கும் தெரியாதெண்டால்? வீடமைப்பு ஆக்களிட்டச் சொல்லமாட்டியோ?"

"சொன்னால் கடைக்காரர் என்னை அனுப்பிப் போடுவாங்கள் அக்கா. வேலை போயிடும்."

"நீ கட்டை வைச்ச இடமும் சேறுதானே? நீங்கள் போனாப் பிறகு வாற சனம் பிள்ளைகுட்டியோட இருக்கேக்க இறங்கினால்? வீட்டைச் சூடாக்கிற எண்ணெய்க் குழாய் முறிஞ்சால்?"

"அது எங்கட பிரச்சினையே?" என்றார் அண்ணை.

"ஓம். எங்கட பிரச்சினைதான். செய்தது எங்கட பொடியன்." தம்பியைப் பார்த்துச் சொன்னேன்: "நீ திங்கக்கிழமைக்கு முன்னம் போய்ச் சொல்லு. இல்லாட்டி நான் ஃபோன் எடுத்துச் சொல்லுவன்."

தம்பி திரையை அணைத்துவிட்டான். அண்ணை எழும்பி எனக்குக் கிட்ட வந்தார். குரலைத் தணித்துத்தான் கேட்டார். "சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுப்பியோ?"

எங்கள் ஆட்களுக்குள் அந்தச் சொல்லின் பாரம் எல்லாருக்கும் தெரியும். போர்க்காலத்தில் அந்தச் சொல்லுக்காக மனிதர்கள் மின்கம்பத்தில் தொங்கியிருக்கிறார்கள். பிறந்தநாள் வீட்டில், பலூனுக்குக் கீழே நின்றுகொண்டு அதை என் மேல் எறிந்தார். சோபாவில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒருவன் செய்த பிழையை மூடி வைப்பதற்குப் பாசம் என்று பெயர், அதை வெளியே சொல்வதற்கு இந்தப் பெயர். இது என்ன நியாயம்?

"ஓம்," என்றேன். "குடுப்பன். எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ."

கேக்கைக்கூடக் கட்டிக்கொண்டு வராமல் காரை எடுத்தேன். பாலத்தில் ஏறும்போது போனில் செய்தி வந்து விழுந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நல்லது, இனிக் காலை வணக்கப் பூக்கள் வராது என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கால்மணிக்கொருதரம் போனைத் தூக்கிப் பார்த்தேன். தம்பி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. அவனுக்கு வேலை போனால் என்ன செய்வான் என்று யோசித்தேன். இந்த வயதில் திரும்பவும் டோர்வலில் சாப்பாட்டுத் தட்டு கட்டுவானா? கட்டட்டும், என் வீட்டில் வந்து இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. பேசாமல் விடன், உனக்கென்ன வந்தது என்று இன்னொரு மனம் சொன்னது. அந்த இரண்டாவது மனத்தின் குரல் அச்சொட்டாக அண்ணையின் குரலாக இருந்தது. அதனாலேயே அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை லாப்பின் குளிர் அறைக்கு வெளியே, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த ஊர் வீடமைப்பு அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்தவர் அந்த ஊர்க்காரர், வீடுகளைப் பார்க்கிறவர். ஆங்கிலத்தில் ஆறுதலாகக் கதைத்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்: பலகை, ஹீற்றர், கம்பி, சரிந்த கால், செய்தவன் என் தம்பி.

தனக்கு அது தெரியும், நேற்றுக் காலை அந்த வீட்டுப் பெண் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள் என்றார். அலுவலகம் திறக்கும்வரை பொறுக்கவில்லையாம். கையில் அந்தக் கம்பியையும் கொண்டு போயிருக்கிறாள். ஆங்கிலத்தில் சொல் வராத இடமெல்லாம் கம்பியில் ஒட்டியிருந்த சேற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாளாம். அவர் போய்ப் பார்த்து, அன்றைக்கே ஆட்களைக் கூட்டிப் பலகையெல்லாம் கழற்றுவித்திருக்கிறார். வீட்டை நிமிர்த்தப் பார்ப்போம், முழுப் பனிக்காலமும் வெறுமையாக, குளிராக விடவேண்டும், உறைகிறதா என்று வசந்தத்தில்தான் தெரியும் என்றார். யாரையும் திட்டவில்லை. "இடைவெளியை அடைக்கிற முதல் ஆள் உங்கள் தம்பியில்லை," என்று மட்டும் சொன்னார்.

தம்பிக்கு வேலை போகவில்லை. வீடு போனது. பனிக்காலத்துக்குக் கடைக்குப் பின்னால் பெட்டி அடுக்குகிற ஒற்றை அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னது தம்பியில்லை. அவன் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, அண்ணையும் அப்படித்தான். இருக்கட்டும். கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன். செய்தியைச் சொன்னது தம்பியின் மனைவி. அன்று மத்தியானம் அவளே எடுத்தாள். நான் என் பாட்டில் தொடங்கிவிட்டேன். நல்ல வேலை செய்தாய், நான் சொன்னதை விளங்கிக்கொண்டாய், இந்தக் குடும்பத்தில் உனக்காவது...

"அக்கா, நில்லுங்கோ," என்றாள்.

அவள் என்னை அப்படி மறித்து நான் கேட்டதில்லை.

"நீங்கள் வெருட்டினதுக்குப் பயந்து போனனான் எண்டு நினைக்காதேங்கோ. நீங்கள் திங்கள் எண்டியள். நான் ஞாயிறே போனனான். அவர் போகாதை எண்டு கையைப் பிடிச்சவர். உதறிப்போட்டுத்தான் போனனான்."

"அப்ப ஏன் பிள்ளை?"

பின்னால் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் அதற்கு மேலால், சத்தத்தைக் கூட்டாமல் சொன்னாள்.

"நாங்கள் சண்டையில இடம்பெயர்ந்து கனகாலத்துக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போகேக்க, கூரை இல்லை. கதவு நிலையும் இல்லை. கிணத்துக்குள்ள முழுக்கக் குப்பை. அதுக்குள்ள ஆர் இருந்தது, எப்ப போனது, ஒண்டும் தெரியாது. அம்மா ஆரையும் திட்டேல்லை, அழேல்லை. நிலை இருந்த ஓட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கேட்டவ, 'இஞ்ச இருந்தவை, போகேக்க ஒருக்காவெண்டாலும் எங்களை நினைக்கேல்லையே?' எண்டு. எனக்கு இந்த வீடு நல்ல விருப்பம் அக்கா. நல்ல சூடு. ஆனா எனக்குப் பிறகு இதுக்குள்ள வாற மனுசி என்னைப் பற்றி அப்பிடிக் கேக்கக் கூடாது."

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"வைக்கிறன் அக்கா. சாமான் கட்டவேணும்."